குவாலியை வாங்கினால் போதுமா? பழக்க வேண்டாமா?

அடுப்படிப் பக்கம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. எழுதியவர் புதிதாகக் குடும்பம் நடத்தத் தொடங்கியிருக்கும் ஒரு தங்கை. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

“அக்கா, எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதமாகிறது. பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் மாமியார் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்ற பிறகு எங்களோடு வந்துவிட்டார். வரும்போது ஒரு பழைய இரும்புக் குவாலியையும் கொண்டு வந்தார். ஒரே கரி, துரு. எங்கள் கேஸ் அடுப்பில் வைத்தால் ஆடுகிறது. நான் கடையில் ஒட்டாத சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைக் கீழே குப்பைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அத்தை இறங்கிப் போய் அதைத் தூக்கி வந்து தம் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான்கு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு சட்டிக்காக இவ்வளவு கோபமா? நான் செய்தது தப்பா?”

தங்கையே, நீ செய்தது பாதி சரி, பாதி தப்பு. எது பாதி என்பதைச் சொல்லத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும். உன்னைப் போல் இந்தச் சிக்கலில் இருக்கும் வேறு பல சகோதரிகளுக்கும் இது பயன்படும்.

அடுப்பு மாறிவிட்டது

நம்மில் பலர் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். அங்கே மண் அடுப்பு. எரிப்பதற்கு ரப்பர் விறகு. அந்த அடுப்பின் வாய் வட்டமாக இருக்கும். குவாலியை அதில் உட்கார வைத்தால், வயிற்றுப் பாகம் நெருப்புக்குள் இறங்கும். விளிம்பை அடுப்பு சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். ஆடாது, அசையாது. தீயும் அடியில் மட்டும் படாமல் பக்கவாட்டிலும் ஏறும். அந்த அடுப்புக்காகவே பிறந்தது உருண்டை அடிச் சட்டி.

கேஸ் அடுப்பு அப்படியல்ல. மேலே நான்கு கம்பி; அதன் மேல் தட்டையான பாத்திரம் நிற்கும், உருண்டைச் சட்டி தள்ளாடும். ஆடுகிற சட்டியில் கொதிக்கிற எண்ணெய் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் உடம்பில் கற்றுக்கொண்டேன்.

லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த முதல் தீபாவளி. அம்மாவின் குவாலியைக் கேஸ் அடுப்பில் வைத்து வடை சுட்டேன். என் அண்ணன் மகள், நான்கு வயதுக் குழந்தை, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று “எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அவளை அனுப்பினேன். அவள் திரும்புவதற்குள் வடையை எடுக்கச் சட்டுவத்தை விளிம்பில் அழுத்தினேன். சட்டி சாய்ந்தது. எண்ணெய் என் இடது மணிக்கட்டில் கொட்டியது. குழந்தை நின்ற இடத்திலும் கொட்டியது. தண்ணீர் தாகம் என்று ஒன்று இல்லாதிருந்தால் அந்தத் தீபாவளியை எங்கள் குடும்பம் எப்படி நினைத்துக்கொண்டிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தழும்பு இன்றும் இருக்கிறது.

ஆகவே, தங்கையே, அந்தக் குவாலி உன் அடுப்பில் ஆடுகிறது, அதனால் வேண்டாம் என்று நினைத்தாய் பார், அது சரியான பாதி. ஆனால் ஆடுவதற்குச் சட்டியைத் தூக்கி எறிவது தீர்வல்ல. சட்டியைத் தாங்குவதற்கு ஓர் இரும்பு வளையம் பாத்திரக் கடையில் கிடைக்கிறது. சில அடுப்புகளுக்கு அதற்கென்றே செய்த தாங்கி உண்டு. வாங்கும்போது காற்றுப் போக ஓட்டைகளோ இடைவெளியோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சுற்றிலும் அடைத்த வளையமானால் தீ சரியாக எரியாது. வைத்த பிறகு வெறும் சட்டியை ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அதில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கடையில் நிற்கும்போது

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பாத்திரக் கடையில் பலவகைக் குவாலி தொங்கும். வார்ப்பு இரும்பு ஒன்று. அது சூட்டை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கனம், சிமெண்டுத் தரையில் விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட சட்டியை எந்த வைத்தியமும் தேற்றாது. இன்னொன்று தகட்டு இரும்பு, அதாவது எஃகுத் தகட்டை அடித்தோ அழுத்தியோ செய்தது. சீனர் மீக் கடைகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். சீக்கிரம் சூடேறும், தீயைக் குறைத்தால் சீக்கிரம் இறங்கும், விழுந்தாலும் உடையாது. அன்றாடச் சமையலுக்கு நான் சொல்வது இதைத்தான். தகடு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். அதைவிட மெல்லியது ஓரிடத்தில் கருகும், ஓரிடத்தில் வேகாது.

அலுமினியச் சட்டி இலேசு, விலையும் குறைவு. ஆனால் புளியும் எலுமிச்சையும் அதற்கு ஆகாது. எது இரும்பு, எது அலுமினியம் என்று சந்தேகமாக இருந்தால், சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். இரும்பில் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. மின்சார இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே சோதனைதான். காந்தம் ஒட்டவேண்டும், அடியும் தட்டையாக இருக்கவேண்டும். உருண்டை அடி அந்த அடுப்புக்குச் சரிவராது.

அளவு? இரண்டு மூன்று பேருக்கு 12 அங்குலம். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 14 அங்குலம். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் வீட்டுக் கேஸ் தீ விளிம்பு வரை எட்டாது. விருந்துக்கு உதவும் என்று நினைத்து வாங்குகிற பெரிய சட்டி வருடத்தில் முந்நூறு நாள் சும்மா தொங்கும்.

கைப்பிடியையும் பாருங்கள். இரண்டு பக்கமும் காது வைத்த சட்டி பொரிப்பதற்கு நல்லது. ஒற்றை நீளப் பிடி உள்ளது பிரட்டுவதற்கு வசதி. பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆணி தளர்ந்திருந்தால் அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள் வேலை

“அக்கா, இரும்புக் குவாலி வாங்கினேன், முட்டை ஊற்றினால் பசை போட்ட மாதிரி ஒட்டுகிறது” என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கழுவி அடுப்பில் வைத்தேன் என்பார்கள். குற்றம் சட்டியில் இல்லை. புதிய மாட்டைக் கொண்டுவந்த அன்றே செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் உதைக்காமல் என்ன செய்யும்?

கடையிலிருந்து வரும் இரும்புச் சட்டியில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோ மெழுகு போன்ற பூச்சோ தடவியிருப்பார்கள். அது சாப்பிடுவதற்கானது அல்ல. முதலில் சுடுதண்ணீரும் சோப்பும் கம்பி நாரும் வைத்து, உள்ளும் புறமும் கை வலிக்கத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிறகு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, வெறும் சட்டியை நல்ல தீயில் வையுங்கள். தகட்டு இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும்; நீலம் ஓடும், பிறகு கறுக்கும். பயப்பட வேண்டாம். துணியால் பிடித்துச் சுற்றிச் சுற்றித் திருப்பி எல்லாப் பக்கமும் காட்டுங்கள். வார்ப்பு இரும்பானால் இவ்வளவு தீ வேண்டாம். மெதுவாகச் சூடாக்கினால் போதும்.

சற்று ஆறியதும், ஒரு கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளே முழுவதும் தடவுங்கள். தடவியதை இன்னொரு துணியால் துடைத்துவிடுங்கள். ஆமாம், துடைத்துவிடுங்கள்! எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கவேண்டும். மறுபடி தீயில் வைத்து, புகை வந்து அடங்கும் வரை காயவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. அந்த மெல்லிய எண்ணெய் சூட்டில் இறுகி, வார்னிஷ் போல இரும்போடு ஒன்றிவிடும். ஒட்டாமல் இருப்பதன் இரகசியம் இதுதான். அதிகமாகத் தடவினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

சாதாரணச் செம்பனை எண்ணெயே இதற்குப் போதும். விலை கூடியது எதுவும் தேவையில்லை. சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வாணிபத்துக்காக நட்டுத் தொடங்கிய செம்பனை, பிறகு எத்தனை தோட்டங்களில் பால் மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நம் வீட்டு ஆட்கள் குலை அறுத்த மரத்தின் எண்ணெய், நம் வீட்டுச் சட்டியையும் பழக்கட்டுமே!

கடைசியாக ஒரு வேலை. இதில் மூன்று இனத்தாருக்கும் மூன்று வழி உண்டு. எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே இருந்த மலாய்க்கார அம்மா, அரைமூடித் தேங்காயைத் துருவிப் புதுச் சட்டியில் போட்டு, சிறு தீயில் கறுப்பாகும் வரை விளிம்பெல்லாம் தேய்த்துத் தேய்த்து வறுப்பார். சீனர் வீடுகளில் குச்சாய்க் கீரையையும் இஞ்சியையும் அப்படியே கருக வதக்குவார்கள். நம் பாட்டிமார்கள் அரிசி களைந்த தண்ணீரையோ சோறு வடித்த கஞ்சியையோ ஊற்றி, தினம் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தேய்ப்பார்கள்; பிறகு எண்ணெயில் வெங்காயம் வதக்குவார்கள். மூன்றும் நல்ல வழிதான். மூன்றிலும் வறுத்ததைக் கொட்டிவிட வேண்டும், சாப்பிடக் கூடாது.

அடுத்த இரண்டு வாரத்துக்கு அப்பளம் பொரியுங்கள், நெத்திலி வறுங்கள், கீரை தாளியுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள சமையலாகப் பார்த்துச் செய்யுங்கள். அதற்குப் பிறகு முட்டை ஊற்றிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

கழுவுவதும் காப்பதும்

சமையல் முடிந்து சட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீர் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தேவையானால் துளி சோப்புப் போடலாம், தவறில்லை. இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவதுதான் தவறு. கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துடைத்து வைத்தால் மட்டும் போதாது. நெருப்பில் காய்ந்தால்தான் காய்ந்தது.

துருப் பிடித்துவிட்டதா? அழ வேண்டாம். கம்பி நாரால் இரும்பு தெரியும் வரை தேய்த்து, கழுவி, காயவைத்து, மேலே சொன்ன முதல் நாள் வேலையைத் திரும்பச் செய்யுங்கள். ஓட்டை, விரிசல் இல்லாத எந்த இரும்புச் சட்டியும் திரும்பிவரும்.

எது ஆகும், எது ஆகாது

கங்கோங் கீரையைப் பெலாச்சானோடு வதக்க, மீ பிரட்ட, நெத்திலிச் சம்பல் கிண்ட, பொரியல் செய்ய, வடை சுட, இரும்புக் குவாலிக்கு ஈடு இல்லை. உருண்டை அடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் குழிவாக இருப்பதால் கொஞ்சம் எண்ணெயிலேயே நான்கு வடை மிதக்கும். தட்டைச் சட்டியில் அதே ஆழத்துக்கு அதிக எண்ணெய் ஊற்றவேண்டி வரும்.

கீரையைக் கழுவியதும் தண்ணீரை நன்றாக உதறுங்கள். முதலில் சட்டி காயட்டும், பிறகு எண்ணெய், பிறகு காய். மீ பிரட்டும்போது ஐந்து பேருக்கும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கடைக்காரர் தீ வேறு, நம் வீட்டுத் தீ வேறு. கொட்டினால் சூடு இறங்கி, மீ வறுபடாமல் அவிந்துவிடும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

புளிக்குழம்பு, ரசம், தக்காளி அதிகம் சேர்ந்த கறி ஆகியவற்றை இதில் கொதிக்கவிடாதீர்கள். புளிப்பு அந்த எண்ணெய்ப் படிவைத் தின்றுவிடும். குழம்பில் இரும்பு வாடையும் வரும். வாழைப்பூவும் கத்தரிக்காயும் கறுத்துப்போகும். இவற்றுக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும். சமைத்ததைச் சட்டியிலேயே இரவு வரை வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரும்புச் சட்டிச் சமையலில் கொஞ்சம் இரும்புச் சத்து உணவில் சேரும் என்பது உண்மை. இரத்தசோகை நம் பெண்களிடம் அதிகம் என்பதால் இது நல்லதுதான். அதற்காகக் கர்ப்பிணிகள் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தலசீமியா உள்ளவர்களுக்கு உடம்பில் இரும்பு கூடிவிடும் ஆபத்து உண்டு. அத்தகைய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

ஒட்டாத சட்டியை நான் பகைக்கவில்லை. சிறு தீயில் முட்டைக்கும் தோசைக்கும் அது வசதிதான். ஆனால் வெறும் சட்டியாகப் பெருந்தீயில் வைக்காதீர்கள். 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அந்தப் பூச்சு கெடத் தொடங்கும். இன்னும் சூடேறினால் அதன் புகை மனிதருக்கும் ஆகாது, கூண்டில் வளர்க்கும் பறவையைக் கொன்றே விடும். மீ பிரட்டுவதற்கும் நெத்திலி வறுப்பதற்கும் வேண்டிய பெருந்தீ அதற்கு ஒத்துவராது. இரும்புக் கரண்டியும் ஆகாது. கீறல் விழுந்ததும் புதிது வாங்க வேண்டும். அப்படி மூன்று நான்கு தடவை கொடுக்கும் காசை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெயிடம் விளையாட்டு வேண்டாம்

பொரிக்கும்போது சட்டியில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். பிடியை அடுப்புக்கு வெளியே நீட்டி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு அடுப்படியில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று பழக்குங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் தீ கூரை வரை பாயும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. கைக்கு எட்டினால் கேஸை மூடுங்கள். மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளிச் சட்டியை மூடுங்கள். ஆறும் வரை திறக்காதீர்கள். மீறிப் போனால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 999-க்குப் போன் செய்யுங்கள்.

கை சுட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எனக்குச் சுட்டபோது, பதறி ஓடிவந்த அண்ணி கீச்சாப்பை ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் பற்பசையைத் தடவினார். டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுத்தபோதுதான் உண்மையில் உயிர் போயிற்று. பெரிய காயமானாலும், குழந்தையானாலும், முகத்தில் பட்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தங்கையே, இனி உனக்கு

ஒரு சட்டிக்காக இவ்வளவு கோபமா என்று கேட்டிருந்தாய். விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி, அந்தக் குவாலியில் ஒரு நெத்திலி வறுவலோ கீரையோ பிரட்டி, பிள்ளைகளுக்கு மூடி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடியவர் உன் அத்தை. உன் கணவர் சாப்பிட்டு வளர்ந்த சோற்றுக்கெல்லாம் கறி கொடுத்தது அந்தச் சட்டிதான். தோட்டத்தை விட்டு வரும்போது வீடு அவருடையதல்ல, மரம் அவருடையதல்ல, கொல்லையும் அவருடையதல்ல. தூக்கிக்கொண்டு வர முடிந்தது அது ஒன்றுதான். அதைக் குப்பைத் தொட்டியில் பார்த்தவர் மனம் என்ன நினைத்திருக்கும்? அடுத்து நாமோ என்று நினைத்திருக்க மாட்டாரா?

அவரைக் கேட்காமல் எறிந்தாய் பார், அதுதான் தப்பான பாதி.

நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு வளையம் வாங்கி வா. சனிக்கிழமை மத்தியானம் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் குவாலியை எடுத்து, “அத்தை, இதை எப்படிப் பழக்குவது என்று எனக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேள். நான் இங்கே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்கும்; எனக்குத் தெரியாததும் தெரிந்திருக்கும். நீ தேய், அவர் எண்ணெய் தடவட்டும். உள்ளே வெளிச்சம் போட்டுப் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வளையத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். அசையவில்லை என்றால் முதலில் அவருக்கே நாலு அப்பளம் பொரித்துக் கொடு.

அதற்குப் பிறகும் அவர் பேசவில்லை என்றால் எனக்கு எழுது. எழுத வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் பழைய குவாலியைக் குப்பையில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மற்றச் சகோதரிகளும், போடுவதற்கு முன் ஒருமுறை கம்பி நாரால் தேய்த்துப் பாருங்கள். அப்படியே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் புதுச் சட்டியை எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். வருகிற இதழில் சேர்த்துச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா